பூனைக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூனைகளின் பழக்கங்களையும் ஆட்டிசம் உள்ளவர்களின் இயல்புகளையும் ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, முகம் பார்க்காதது, சத்தம் கேட்டால் ஓடி ஒளிவது, தட்டு வைக்கும் இடம் மாறினால் சாப்பிடாமல் நிற்பது என்று கட்டுரை அடுக்கிய ஒற்றுமைகளை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 'ஆக, பூனைகளுக்கும் ஆட்டிசம்தான்' என்று அதை முடித்தது தவறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருபவர்களும் பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

ஆட்டிசம் என்பது மனித மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. மனிதர்களில் பெரும்பாலோர் எப்படிப் பேசிப் பழகுகிறார்கள் என்பதை வைத்துத்தான் அதைக் கண்டறிகிறார்கள். 2013-ல் வெளியான, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஆட்டிசம் என்று சொல்ல இரண்டு கூறுகளைக் கேட்கிறது. ஒன்று, பிறரோடு தொடர்புகொள்வதில் உள்ள வேறுபாடு. இன்னொன்று, ஒரே மாதிரி செய்வதிலும் ஒரே மாதிரி இருப்பதிலும் உள்ள பிடிப்பு. ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் இதில் அடங்கும். பூனைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. வீட்டுப்பூனை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. தனியே வேட்டையாடும் பிராணி அது. அதன் விலகலும் உஷாரும் அதன் இனத்துக்கே உரிய இயல்பு. எந்தப் பூனையும் மற்ற பூனைகளிலிருந்து வேறுபட்டதால் அப்படி நடந்துகொள்வதில்லை.

அப்படியானால் ஒப்பீட்டால் பயனே இல்லையா? உண்டு. பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டால் யாருக்கும் கோபம் வருவதில்லை, 'அது அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். தானே வரும் வரை காத்திருக்கிறோம். அதையே ஐந்து வயதுப் பிள்ளை செய்தால் 'மரியாதை தெரியவில்லை', 'திமிர்', 'வளர்ப்பு சரியில்லை' என்கிறோம். பூனையைப் படிக்கக் கற்றுக்கொண்ட கண்ணைப் பிள்ளையின் பக்கமும் திருப்பினால் பல வீடுகளில் நிம்மதி வரும். அதை எப்படிச் செய்வது என்று கட்டுரை சொல்லாமல் விட்டதால்தான் எழுதுகிறோம்.

தொடுதலிலிருந்து தொடங்கலாம். மடியில் படுத்திருந்த பூனை 'திடீரென்று' கடித்துவிட்டது என்பார்கள். அது திடீரென்று நடப்பது அபூர்வம். முதலில் குர்ர் என்ற சத்தம் நிற்கும். வாலின் நுனி மட்டும் இப்படியும் அப்படியும் சொடுக்கும். முதுகுத் தோல் ஒருமுறை அலைபோல் துடிக்கும். காதுகள் பக்கவாட்டில் திரும்பும். பிறகு தலை, தடவும் கையின் பக்கம் வரும். அப்போதும் கை நிற்காவிட்டால்தான் பல் படும். இத்தனையும் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடுவதால் பார்க்கத் தெரியாதவர்களுக்குக் கடி மட்டும்தான் கண்ணில் படுகிறது. செய்ய வேண்டியது எளிது. கையை அதன் மூக்கு உயரத்தில் சற்றுத் தள்ளி நீட்டி, அதுவே வந்து முகர விடுங்கள். கன்னத்தையோ தாடையையோ காதடியையோ மூன்று முதல் ஐந்து விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தலையால் முட்டிக் கேட்டால் தொடரலாம், கேட்காவிட்டால் அவ்வளவுதான். வயிற்றையும் வால் தொடங்கும் இடத்தையும் பெரும்பாலான பூனைகள் விரும்புவதில்லை. இப்படித் தொடலாமா வேண்டாமா என்ற முடிவைப் பூனையிடமே விட்டால் அது கடிப்பதும் பிறாண்டுவதும் குறைகிறது, அன்போடு நெருங்குவது கூடுகிறது என்று பிரிட்டனின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் காட்டினார்கள்.

பிள்ளைக்கும் இதே போல் முன்னறிகுறிகள் உண்டு. சட்டை நுனியைக் கடிப்பது, முனகல் உரத்துவது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, கை உதறும் வேகம் கூடுவது, வாசல் பக்கமே நகர்வது, காதைப் பொத்துவது. உறவினர் ஒருவர் தூக்கிக் கன்னத்தில் முத்தமிடுவதற்கு முன்பே இவற்றில் இரண்டு மூன்று வந்திருக்கும். அதைக் கவனித்து 'இப்போது வேண்டாம்' என்று பெரியவர்களிடம் சொல்வது பெற்றோரின் வேலை. பிள்ளை கையை விலக்கினால் அதையும் பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தொடுதலிலேயே ஒரு முக்கியமான வேறுபாடும் இருக்கிறது. பூனைக்கு மென்மையாகத் தடவுவது பிடிக்கும், இறுக்கிப் பிடித்தால் பயந்துவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இது தலைகீழ். இறகு பட்டது போன்ற லேசான தொடுதல்தான் தாங்க முடியாதது. தோளில் உள்ளங்கையை அழுத்தி வைப்பதோ கனமான போர்வையோ இதமாக இருக்கும். கனப்போர்வை வாங்குகிறவர்கள், பிள்ளை அதைத் தானாகவே உதறி எழ முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அந்தப் போர்வை வேண்டாம். முகத்தை மூடும்படி ஒருபோதும் போர்த்தக் கூடாது. அது தூக்கத்தைச் சரிசெய்யும் என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 2014-ல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், கனப்போர்வையால் பிள்ளைகள் தூங்கிய நேரம் கூடவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது என்பது மட்டும் உண்மை.

அடுத்தது காது. பூனைக்குச் சுமார் 85,000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வுகள் உள்ள கீச்சொலி வரை கேட்கும். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். நமக்கு நிசப்தமாக இருக்கும் அறை பூனைக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் காது மனிதக் காதுதான். பரிசோதித்தால் பெரும்பாலும் அளவு சரியாகவே இருக்கும். சிக்கல் வடிகட்டுவதில். ஆசிரியரின் குரல், மின்விசிறியின் கடகடப்பு, டியூப்லைட்டின் ரீங்காரம், பக்கத்து வகுப்பில் நாற்காலி இழுபடும் ஓசை எல்லாம் ஒரே அளவில் உள்ளே வந்து மோதும். 'இது ஒரு சத்தமா?' என்று கேட்பவர்கள் தங்கள் மூளை எத்தனை ஓசைகளைத் தங்களுக்குத் தெரியாமலே ஒதுக்கிவைக்கிறது என்பதை அறிவதில்லை. மிக்சி போடுவதற்கு முன் பத்து விநாடி முன்னதாகச் சொல்லுங்கள். பிள்ளையே பொத்தானை அழுத்த விரும்பினால் அழுத்தட்டும். எப்போது வரும் என்று தெரிந்த சத்தத்தைத் தாங்குவது எளிது. சத்தம் குறைக்கும் ஹெட்போன் நல்ல துணை. ஆனால் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். நாள் முழுக்கப் போட்டே இருந்தால் சாதாரண ஓசையும் பெரிதாகக் கேட்கத் தொடங்கலாம்.

கூப்பிட்டால் வராததைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-ல், பூனைகள் தங்களை வளர்ப்பவரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்தறிகின்றன என்று காட்டினார்கள். 2019-ல், தங்கள் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிவதையும் காட்டினார்கள். பூனையின் பதில் அதன் காது அசைவிலும் தலைத் திருப்பலிலும் இருந்தது. எழுந்து வருவதில் அல்ல. ஆட்டிசம் உள்ளவர்களில் பலரும் முகம் திருப்பாமலே முழுதாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 'என் முகத்தைப் பார்த்துப் பேசு' என்று கட்டாயப்படுத்தினால் பார்ப்பதிலேயே கவனம் செலவாகிவிடும், கேட்டது மனதில் நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வாக்கியமாகச் சொல்லி, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பொறுமையிழந்து அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால் பிள்ளை முதலிலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டியிருக்கும். பூனையும் உற்றுப் பார்ப்பதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்ளும். கண்களைப் பாதி மூடி மெல்லச் சிமிட்டினால், முன்பின் தெரியாதவரிடமும் நெருங்கி வர வாய்ப்புக் கூடுகிறது என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் கண்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு வயதுக் குழந்தை பெயர் சொன்னால் திரும்பவே இல்லை என்றால் 'பூனை மாதிரி, அதன் போக்கு' என்று விட்டுவிடக் கூடாது. முதலில் கேட்புத்திறன் பரிசோதனை, அடுத்து வளர்ச்சிப் பரிசோதனை. பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்த குழந்தையை உடனே காட்ட வேண்டும். நுனிக்காலில் நடப்பதையும் கட்டுரை ஒற்றுமையாகச் சேர்த்திருந்தது. பூனையின் எலும்பமைப்பே விரல்களில் நடப்பதற்கானது. பிள்ளை எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தால் கெண்டைக்கால் தசை குறுகிப்போகலாம். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

மாற்றங்களைப் பற்றிச் சொல்லத்தான் எங்களுக்கு நிறைய இருக்கிறது. வீடுகளில் அதிகம் தவறுவதும் இதில்தான்.

பூனையை மருத்துவரிடம் கொண்டுபோகும் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து அன்றைக்குத்தான் அதை இறக்குகிறார்கள். பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இழுத்துத் திணிக்கிறார்கள். அடுத்த முறை கூண்டு இறங்கும் சத்தம் கேட்டாலே காணாமல் போய்விடும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்ற பழமொழி இதற்குத்தான் சரி. கூண்டைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கதவைத் திறந்து கூடத்தின் ஓரத்தில் வைத்துவிட வேண்டும். உள்ளே பூனை படுத்துப் பழகிய துணி. முதல் சில நாள் தீனியை வாசலில் வையுங்கள், பிறகு உள்ளே பாதியில், பிறகு கடைசியில். உள்ளே நின்று நிதானமாகச் சாப்பிடும் நாளில் கதவை ஐந்து விநாடி மூடித் திறந்துவிடுங்கள். அடுத்து அரை நிமிடம். அடுத்து மூடியபடி தூக்கி இரண்டடி நடந்து இறக்குங்கள். எந்தப் படியில் சாப்பிடுவதை நிறுத்துகிறதோ அதற்கு முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

பிள்ளைக்கு முடி வெட்டுவதையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். பிரச்சினை முடி வெட்டுவதே என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் ஐந்தாறு தொல்லைகள் இருக்கின்றன: கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணி, கழுத்தில் விழுந்து குத்தும் முடித்துணுக்கு, எந்திரத்தின் அதிர்வு, பின்னால் நிற்கும் அந்நியர், பவுடர் வாசனை, எப்போது முடியும் என்று தெரியாதது. உங்கள் பிள்ளைக்கு இவற்றில் எது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. வீட்டில், அணைத்துவைத்த எந்திரத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள். மறுநாள் அறையின் மறுகோடியில் அதை ஓடவிடுங்கள். பிறகு பிள்ளையின் உள்ளங்கையில், தோளில், காதுக்குப் பின்னால். கழுத்துத் துணிக்குப் பதில் கழற்றி எறியக்கூடிய பழைய சட்டை. எத்தனை வெட்டு என்று முன்பே சொல்லி, இருபது என்றால் இருபதோடு நிறுத்திவிடுங்கள். 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று இருபத்தொன்றாவது வெட்டை வெட்டினால், அடுத்த மாதம் நீங்கள் சொல்லும் எண்ணுக்கு மதிப்பிருக்காது. 'அஞ்சு நிமிஷத்தில் கிளம்பலாம்' என்று சொல்லிவிட்டு இருபத்தைந்து நிமிடம் நின்று பேசும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

பூனை மலஜலம் கழிக்கும் தட்டில் போடும் மணலை ஒரே நாளில் வேறு பிராண்டுக்கு மாற்றினால் அது தட்டுக்கு வெளியே போகலாம். பழையதோடு கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஒரு வாரம் முதல் பத்து நாளில் முழுதாக மாற்றினால் பெரும்பாலும் பிரச்சினை வராது. வாசனை சேர்த்த மணல் மனிதர் மூக்குக்காகச் செய்தது, பூனைகளில் பல அதை ஒதுக்கும். பிள்ளைக்கு மாற்றத்தைப் படமாகக் காட்டுங்கள்: 'முதலில் இது, பிறகு இது' என்று இரண்டு கட்டங்கள் போட்ட அட்டை போதும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். புதுப் பள்ளி, புது வேன், புதுச் சாப்பாட்டு டப்பா மூன்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கினால் எது பிள்ளையை உடைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அப்படி உடையும் நிலையைத்தான் மெல்ட்டவுன் என்கிறோம். அடம்பிடிப்பதிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு வழி: அடம்பிடிக்கும் பிள்ளை கேட்டதைக் கொடுத்தால் நிறுத்திவிடும், யாராவது பார்க்கிறார்களா என்று கவனிக்கும். மெல்ட்டவுனில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. விளக்கையும் டிவியையும் அணைத்து, வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்பி, இடிபடும் பொருள்களை நகர்த்திவிட்டு, ஒரே ஒருவர் ஒரு கை தூரத்தில் பேசாமல் உட்கார வேண்டும். நாலு பேர் நாலு பக்கமும் சமாதானம் சொல்வதும், 'ஏன் இப்படிப் பண்றே?' என்று கேட்பதும், கேட்காமல் கட்டியணைப்பதும் நிலைமையை நீட்டிக்கும். ஓய்ந்த பிறகும் பிள்ளை களைத்துக் கிடக்கும். புத்திமதி சொல்ல அது நேரமல்ல. மிரண்ட பூனையையும் தூக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே வேறு பூனையைப் பார்த்த ஆத்திரத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பிறாண்டுவதும் உண்டு, அந்தப் படபடப்பு அடங்கச் சில மணி நேரம்கூட ஆகலாம். அறையை இருட்டாக்கிக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.

ஒளிய ஓர் இடம் இருவருக்கும் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை சீக்கிரம் நிதானத்துக்கு வந்தன. பிள்ளைக்கு மேசையடியோ திரைச்சீலை மறைத்த மூலையோ போதும், ஒரு தலையணை, மங்கிய வெளிச்சம். ஒரே விதி: உள்ளே இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது. தண்டனையாக அங்கே அனுப்பினால் அந்த இடம் அதோடு கெட்டது.

இருவரும் வலியைச் சொல்ல மாட்டார்கள் என்பதை எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பூனை வலியை மறைக்கும். ஆண் பூனை மணல்தட்டில் அடிக்கடி முக்கிக்கொண்டு உட்கார்ந்து சிறுநீர் வராமல் எழுந்தால் அன்றைக்கே, அந்த மணிநேரமே மருத்துவரிடம் போக வேண்டும்; அடைப்பு உயிரைப் பறிக்கும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையையும் காத்திருந்து பார்க்கக் கூடாது. பேச்சு வராத பிள்ளை திடீரென்று தலையை முட்டத் தொடங்கினாலோ தன்னையே கடித்துக்கொண்டாலோ 'ஆட்டிசம் அதிகமாகிவிட்டது' என்று முடிவுகட்டாதீர்கள். பல், காது, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் நான்கையும் பாருங்கள். தேதி, நேரம், இடம், முந்தைய ஐந்து நிமிடத்தில் நடந்தது, கடைசியாகச் சாப்பிட்டது, தூங்கிய நேரம் என்று இரண்டு வாரம் குறித்துவைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

பாசமில்லாதவர்கள் என்ற பழி இரு தரப்பின் மேலும் உண்டு. ஆட்டிசத்துக்கு அன்பற்ற தாய்தான் காரணம் என்று ஒருகாலத்தில் மருத்துவ உலகமே நம்பியது. அதை எதிர்த்து 1964-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் நரம்பியல் காரணங்களை முன்வைத்த பிறகுதான் அந்தக் கொடுமை மெல்ல விலகியது. பூனையைப் பற்றிய பழியும் சோதனையில் பொய்த்துப்போனது. ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2019-ல் சோதித்த குட்டிகளில் சுமார் 64 சதவீதம், வளர்ப்பவர் திரும்பி வந்ததும் அமைதியடைந்து தன் போக்கில் விளையாடத் தொடங்கின. மனிதக் குழந்தைகளில் காணப்படும் விகிதமும் ஏறக்குறைய அதுதான்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்பதும் பாதி உண்மைதான். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று, தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் எழுதினார். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கடத்தச் சொன்னார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசை, எவருக்கும் ஆட்டிசம் இல்லாத வரிசையைப் போலவே நன்றாகக் கடத்தியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது. பூனைகளும் தங்களுக்குள் ஒரு விதமாகவும் நம்மிடம் வேறு விதமாகவும் பேசுகின்றன: வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அரிது. அந்த மொழியைப் பெரும்பாலும் நம்மிடம்தான் பயன்படுத்துகின்றன.

கட்டுரையைப் படித்துவிட்டுப் பிள்ளைக்காகப் பூனை வாங்க நினைப்பவர்களுக்கு: மிசௌரி பல்கலைக்கழகம் 11 குடும்பங்களில் செய்த சிறிய ஆய்வில், பூனை வந்த பிறகு பிள்ளைகளின் பரிவு கூடியது, பிரிவுப் பதற்றம் குறைந்தது. அங்கே கொடுத்தவை சாதுவான சுபாவம் உள்ளவை என்று பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த பூனைகள். துள்ளும் குட்டியைவிட அமைதியான வளர்ந்த பூனை நல்லது. ரோமத்தின் ஸ்பரிசமும் வாசனையும் பிள்ளைக்கு ஒத்துவருகிறதா என்று வேறொரு வீட்டுப் பூனையிடம் சில முறை பார்த்துவிடுங்கள். பிள்ளை எட்ட முடியாத உயரத்தில் பூனைக்கு ஒரு பலகை அடியுங்கள். தின்னக் கூடாததை வாயில் போடும் பழக்கம் பிள்ளைக்கு இருந்தால் மணல்தட்டு கதவுக்கு அப்பால் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. பூனையைக் கவனிக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது. பிள்ளை ஆர்வத்தோடு சேர்ந்துகொண்டால் நல்லது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். கட்டுரையில் வந்த 'மதியிறுக்கம்' என்ற சொல்லைத் தவிர்த்து, எல்லோருக்கும் தெரிந்த 'ஆட்டிசம்' என்றே எழுதுங்கள். அவர்கள் மதி இறுகிக் கிடக்கவில்லை. தொடரின் அடுத்த பகுதியை ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவரிடமே எழுதக் கேளுங்கள். தட்டச்சாகவோ குரல் பதிவாகவோ தரலாம் என்றும், அவகாசம் எத்தனை நாள் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவருக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சிப் பயிற்சியாளர்கள் மற்றும் கால்நடை மருத்துவர்கள் சிலர்